விஎம்முக்குள்ளா, வெளியிலா? கம்ப்யூட்டர் காட்டும் அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் தேர்வும் கேம்பஸ் இன்டர்வியூவும் நடக்கும் மாதங்களில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, விர்ச்சுவல் மெஷின்ல ஓட்டுறீங்கன்னு சொல்லி எக்ஸாம் திறக்கவே மாட்டேங்குது. நான் அப்படி எதுவும் போடவே இல்லண்ணா." விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே உருவாக்கி ஓட்டும் இன்னொரு கம்ப்யூட்டர்.

பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு மாணவி கடைக்குள் வரும்போதே அழுதுகொண்டிருந்தார். வேறோர் இடத்தில் அவர் லேப்டாப்பை இரண்டு முறை ஃபார்மட் செய்திருந்தார்கள். இரண்டு முறையும் அதே பிழைச் செய்தி. இறுதியாண்டு ப்ராஜெக்ட் ஃபைல்கள் போயே போய்விட்டன. கோளாறு என்னவென்று பார்த்தால், விண்டோஸில் ஒரே ஒரு சுவிட்ச். புதிதாக விண்டோஸ் 11 போடும்போது பல லேப்டாப்களில் அந்த சுவிட்ச் தானாகவே ஆன் ஆகிவிடும். ஃபார்மட் செய்யச் செய்ய அதே பிழை திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான். அவருடைய ஃபைல்களை என்னால் மீட்டுத் தர முடியவில்லை. இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டளைகளையும் மெனு பெயர்களையும் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

ஐந்து நிமிட வேலை. எதையும் மாற்றப்போவதில்லை, பார்க்க மட்டும் போகிறோம். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்ப்டெஸ்க்கில் பேசும்போது தேவைப்படும்.

முதல் இடம் டாஸ்க் மேனேஜர். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைத் தேர்ந்தெடுங்கள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் சில வரிகள் இருக்கும். "விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்" அல்லது "டிஸேபிள்ட்" என்று இருந்தால் அது நிஜ இயந்திரம். "விர்ச்சுவல் மெஷின்: யெஸ்" என்று இருந்தால் நீங்கள் விஎம்முக்குள் இருக்கிறீர்கள். அப்போது எல்1 கேஷ் அளவுக்குப் பதிலாக "என்/ஏ" என்று இருப்பதையும் பார்க்கலாம். முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. "விர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட்" என்றால் இந்த இயந்திரத்தால் விஎம் ஓட்ட முடியும் என்று பொருள். இயந்திரமே விஎம் என்று பொருள் அல்ல.

இரண்டாவது இடம் சிஸ்டம் இன்ஃபர்மேஷன். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று அடியுங்கள். "சிஸ்டம் மேனுஃபேக்சரர்", "சிஸ்டம் மாடல்" என்ற இரண்டு வரிகளைப் படியுங்கள். லெனோவோ, ஹெச்பி, டெல், ஏசர் என்று கம்பெனியும் மாடலும் வந்தால் நிஜம். "விர்ச்சுவல்பாக்ஸ்", "விஎம்வேர்", "க்யூஎம்யு" என்று விஎம் ஓட்டும் மென்பொருள்களின் பெயர் வந்தால் விஎம். மேனுஃபேக்சரர் "மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்", மாடல் "விர்ச்சுவல் மெஷின்" என்று இரண்டும் சேர்ந்து வந்தால் அது மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி மென்பொருளில் ஓடும் விஎம். மைக்ரோசாஃப்ட் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சர்ஃபேஸ் லேப்டாப்பிலும் அதே பெயர்தான் வரும். மாடல் வரிதான் முக்கியம்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் இந்த வரியில் "டூ பி ஃபில்ட் பை ஓஈஎம்" என்றோ "டீஃபால்ட் ஸ்ட்ரிங்" என்றோ இருக்கும். பெங்களூரு எஸ்பி ரோட்டில் போர்டு வாங்கி இங்கே பூட்டிய பல சிஸ்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். போர்டு செய்தவர் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். விஎம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது இடம் டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் பட்டியலில் இருக்கும். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், டிஸ்க் டிரைவ்ஸ் இரண்டையும் விரித்துப் பாருங்கள். "விஎம்வேர் எஸ்விஜிஏ 3டி", "விர்ச்சுவல்பாக்ஸ் கிராஃபிக்ஸ் அடாப்டர்", "மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி வீடியோ", "விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்" மாதிரி பெயர்கள் வந்தால் சந்தேகமே வேண்டாம், விஎம். இன்டெல், ஏஎம்டி, என்விடியா கிராஃபிக்ஸும் சாம்சங், வெஸ்டர்ன் டிஜிட்டல் மாதிரி டிஸ்க் பெயர்களும் வந்தால் அநேகமாக நிஜ இயந்திரம்.

மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் அதை நம்பலாம். ஒன்று மட்டும் மாறிச் சொன்னால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அதற்குப் போங்கள்.

அறிகுறி 1: நிஜ லேப்டாப்தான், ஆனால் தேர்வு மென்பொருள் "விஎம்" என்று சொல்லி மூடிக்கொள்கிறது

என் கடைக்கு அதிகம் வருவது இதுதான். கீழே வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் தேர்வு மென்பொருளைத் திறந்து பாருங்கள். திறந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் ஷட்டவுன் பாதித் தூக்கம் மாதிரிதான். பழைய நிலையையே எழுப்பிக்கொண்டு வரும்.

*ரிமோட் மென்பொருள் ஓடுகிறதா?*

எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரியானவை பின்னணியில் ஓடினால் சில தேர்வு மென்பொருள்கள் அதையும் விஎம்மையும் ஒரே செய்தியில் சேர்த்துச் சொல்லிவிடும். மணி காட்டும் மூலையில் உள்ள ஐகான்களைப் பாருங்கள். இருந்தால் முழுக்க வெளியேற்றுங்கள். செலவில்லாத முதல் படி இது.

*நெட்வொர்க் அடாப்டர் மிச்சம் இருக்கிறதா?*

கல்லூரி லேபுக்காக எப்போதோ விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போட்டிருப்பீர்கள். உங்கள் லேப்டாப் விஎம் இல்லை, ஆனால் அந்த மென்பொருள் உங்கள் லேப்டாப்பில் தன் நெட்வொர்க் அடாப்டரைப் பதித்து வைத்திருக்கும். அடாப்டரின் மேக் முகவரியை (ஒவ்வொரு அடாப்டருக்கும் உள்ள அடையாள எண்) மட்டும் பார்த்து முடிவு செய்யும் மென்பொருள் இதில் ஏமாந்துபோகும்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் ஐபிகான்ஃபிக் /ஆல் என்று அடியுங்கள். "பிசிக்கல் அட்ரஸ்" என்ற வரிகளில் முதல் மூன்று ஜோடியைப் பாருங்கள். 08-00-27 என்றால் விர்ச்சுவல்பாக்ஸ். 00-50-56, 00-0சி-29, 00-05-69 மூன்றும் விஎம்வேர். 00-15-5டி ஹைப்பர்-வி. 52-54-00 க்யூஎம்யு, கேவிஎம் (லினக்ஸின் விஎம் வசதி) வகை. நிஜ லேப்டாப்பில் வைஃபை அடாப்டருக்கு வேறு முகவரி இருக்கும். அதோடு கூட "விஎம்நெட்1", "விஎம்நெட்8", "விஈதர்நெட்" என்ற பெயர்களில் இந்த முகவரிகளும் வரிசையில் நிற்கும். அதுதான் மிச்சம்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி என்சிபிஏ.சிபிஎல் என்று அடித்தால் அடாப்டர்கள் வரிசையாக வரும். தேவையில்லாததில் ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். அந்த விஎம் மென்பொருளே இனி வேண்டாம் என்றால் ஆப்ஸ் பக்கத்தில் போய் அன்இன்ஸ்டால் செய்துவிடுவது இன்னும் நல்லது.

*எமுலேட்டர், லினக்ஸ், சாண்ட்பாக்ஸ் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?*

மாணவர்கள் "நான் எதுவும் போடல" என்பது பெரும்பாலும் உண்மைதான். அதே லேப்டாப்பில் வீட்டில் தம்பி போன் கேம் விளையாட ஆண்ட்ராய்டு எமுலேட்டர் போட்டிருப்பான். அது விண்டோஸின் சில வசதிகளை ஆன் செய்யச் சொல்லும்; அவனும் ஓகே கொடுத்திருப்பான்.

ஸ்டார்ட்டில் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" என்று தேடித் திறங்கள். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் நான்கையும் பாருங்கள். ஹோம் எடிஷனில் ஹைப்பர்-வி-யும் சாண்ட்பாக்ஸும் இருக்காது, மற்ற இரண்டும் இருக்கும். எதில் டிக் இருக்கிறதோ அதைக் குறித்துவைத்துக்கொண்டு டிக்கை எடுங்கள். டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுவது), டாக்கர் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டுவது) இரண்டும் விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மை நம்பி ஓடுபவை. அவற்றைப் பயன்படுத்தும் பொறியியல் மாணவர்கள் தேர்வு முடிந்ததும் டிக்கைத் திரும்பப் போட்டால் பழையபடி வேலை செய்யும்.

*மெமரி இன்டெக்ரிட்டி ஆன் ஆகியிருக்கிறதா?*

பென்னாகரத்து மாணவியின் லேப்டாப்பில் இருந்த சுவிட்ச் இதுதான். எம்எஸ்இன்ஃபோ32-வில் கீழே போனால் "விர்ச்சுவலைசேஷன்-பேஸ்டு செக்யூரிட்டி" என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேராக "ரன்னிங்" என்று இருந்தால், விண்டோஸ் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள ஒரு ஹைப்பர்வைசரை (விஎம்களைத் தாங்கி ஓட்டும் மென்பொருள்) அடியில் ஓட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவசரமாக எழுதப்பட்ட ஒரு சோதனை, ஹைப்பர்வைசர் இருக்கிறதா என்று மட்டும் ப்ராசஸரிடம் கேட்கும். "இருக்கிறது" என்ற பதில் வந்ததும் விஎம் என்று முடிவு கட்டிவிடும். ஹைப்பர்வைசருக்கு மேலே ஓடுவது வாடகைக்கு வந்த விருந்தாளியா, வீட்டுக்காரனேவா என்று அது விசாரிப்பதில்லை.

விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் டீட்டெய்ல்ஸ் என்று போய் மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு எம்எஸ்இன்ஃபோ32-வில் அந்த வரி "நாட் எனேபிள்ட்" என்று மாறியதா என்று பாருங்கள்.

இது தேவையில்லாமல் வைத்த சுவிட்ச் அல்ல. கெட்ட டிரைவர்கள் விண்டோஸின் உள்பகுதிக்குள் நுழையாமல் தடுக்கும் காவல் அது. தேர்வு முடிந்த அன்றே திரும்ப ஆன் செய்துவிடுங்கள். என் கடைக்கு வருபவர்களிடம் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன், ஏனென்றால் தேர்வு முடிந்த சந்தோஷத்தில் மறந்துவிடுகிறார்கள்.

*எல்லாம் ஆஃப், இன்னும் "ரன்னிங்" என்கிறதா?*

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் பிசிடிஎடிட் /செட் ஹைப்பர்வைசர்லாஞ்ச்டைப் ஆஃப் என்று ஹைப்பர்வைசரை நிறுத்தும் கட்டளை ஒன்று உண்டு. திரும்பக் கொண்டுவர ஆஃப் இருக்கும் இடத்தில் ஆட்டோ. இதைச் செய்யும் முன் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் மீட்புச் சாவியை, அதாவது 48 இலக்க எண்ணை, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூட் அமைப்பையோ பயாஸையோ (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) தொட்டால் சில லேப்டாப்கள் அடுத்த முறை ஆன் ஆகும்போது அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளது எதுவும் கிடைக்காது. சாவி கையில் இல்லாதவர்கள் இந்தப் படிக்கு முன்பே நின்றுவிடுங்கள்.

கடைசிப் படி பயாஸ். ஆன் ஆகும்போது எஃப்2 அல்லது எஃப்10 அழுத்தி உள்ளே போனால், இன்டெல் போர்டில் "விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி", ஏஎம்டி போர்டில் "எஸ்விஎம் மோட்" என்று இருக்கும். அதை ஆஃப் செய்தால் எந்த ஹைப்பர்வைசரும் ஓடாது. இந்த ஒரு படியைத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்?*

லேப்டாப் கம்பெனி கொடுத்ததாக இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடாதீர்கள். ஓசூர், பெங்களூரு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் ஆபீஸ் லேப்டாப்பிலேயே சர்டிஃபிகேஷன் தேர்வு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அதில் இந்தப் பாதுகாப்புகள் ஐடி பிரிவு வேண்டுமென்றே பூட்டி வைத்தவை. அவர்களிடம் கேளுங்கள், அல்லது வீட்டு லேப்டாப்பில் எழுதுங்கள்.

உங்கள் சொந்த லேப்டாப்பில் பயாஸ் வரை போயும் திறக்கவில்லை என்றால், தேர்வு நடத்துபவரின் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிடுங்கள். முதலில் எடுத்த மூன்று படங்களை அனுப்புங்கள். "சிஸ்டம் மாடல் வரியில் கம்பெனி மாடல் இருக்கிறது, டாஸ்க் மேனேஜரில் விர்ச்சுவல் மெஷின் வரி இல்லை" என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு உடனே புரியும். தேர்வுக்கு முந்தைய நாளே ஒத்திகை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். காரிமங்கலத்திலிருந்தும் அரூரிலிருந்தும் தேர்வு நாள் காலையில் ஓடி வருபவர்களுக்கு, படி படியாகப் பார்க்க எனக்கே நேரம் கிடைப்பதில்லை.

சிலர் வந்து, நிஜமாகவே விஎம்மில் ஓட்டிக்கொண்டு அதை மறைத்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். செய்வதில்லை. பக்கத்து இருக்கையில் நேர்மையாகப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அது.

அறிகுறி 2: "எ ஹைப்பர்வைசர் ஹேஸ் பீன் டிடெக்டட்" என்ற வரியைப் பார்த்துப் பயந்துவிட்டேன்

எம்எஸ்இன்ஃபோ32-வின் கடைசி வரி இது. வேறெதுவும் கெட்டுப்போகவில்லை, இந்த வரி மட்டும்தான் கவலை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். விஎம்முக்குள்ளும் இந்த வரி வரும், மெமரி இன்டெக்ரிட்டி ஓடும் நிஜ லேப்டாப்பிலும் இதே வரி வரும். இரண்டையும் பிரிப்பது மேலே உள்ள சிஸ்டம் மாடல் வரிதான். செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கும்போது இந்த வரியைக் காட்டி "உள்ளே யாரோ ஒளிந்திருக்கிறார்கள்" என்று பயமுறுத்திக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அறிகுறி 3: ஆபீஸ் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி டாங்கிள் தெரியவில்லை, டிராயிங் இழுத்தால் நகர மாட்டேன் என்கிறது

ஓசூர் சிப்காட் பக்கம் சிறு பட்டறைகளிலும் கிருஷ்ணகிரி கிரானைட் ஆபீஸ்களிலும் இப்போது மேசை மேல் இருப்பது சின்னப் பெட்டி ஒன்றுதான். வேலை பார்ப்பவர் அதையே கம்ப்யூட்டர் என்று நினைத்து மென்பொருளின் லைசென்ஸ் சாவியான டாங்கிளை அதில் செருகுகிறார். விண்டோஸ் ஓடுவதோ பக்கத்து அறை சர்வரில் உள்ள ஒரு விஎம்மில்.

முதல் சோதனை: ஸ்டார்ட்டில் பவர் பட்டனை அழுத்துங்கள். ஷட்டவுனுக்குப் பதில் "டிஸ்கனெக்ட்" முதலில் வந்தால் நீங்கள் ரிமோட்டில் இருக்கிறீர்கள். ரிமோட் என்றாலே விஎம் என்றில்லை. தூரத்தில் நிஜ இயந்திரமும் இருக்கலாம். அதனால் மூன்று இடச் சோதனையை அந்தத் திரையிலேயே ஓட்டுங்கள்.

விஎம் என்று உறுதியானால் டாங்கிளுக்கு வழி ஹைப்பர்வைசரைப் பொறுத்தது. விர்ச்சுவல்பாக்ஸில் டிவைசஸ் மெனுவில் யுஎஸ்பி என்று போய் டாங்கிளை டிக் செய்தால் உள்ளே போய்விடும். விஎம்வேரிலும் இதே மாதிரி வசதி உண்டு. ஹைப்பர்-வி-யில் சர்வரில் செருகிய டாங்கிளை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்க வழியில்லை. நெட்வொர்க் வழியாக யுஎஸ்பி-யைப் பகிரும் சிறு கருவி வாங்க வேண்டும், அல்லது மென்பொருள்காரரிடம் டாங்கிள் இல்லாத லைசென்ஸ் கேட்க வேண்டும். இரண்டில் லைசென்ஸை முதலில் கேட்டுப் பாருங்கள், பல நேரம் கருவியைவிட மலிவாக முடிகிறது.

டிராயிங் நகராததற்கு டிஸ்ப்ளே அடாப்டரைப் பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால், விஎம்முக்குள் போட வேண்டிய துணை மென்பொருளை (விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ், விஎம்வேரில் விஎம்வேர் டூல்ஸ்) போடவில்லை. போட்டாலே பாதிக் குறை தீரும். அதைப் போட்டும் முப்பரிமாண டிராயிங் தடுமாறினால், சர்வரில் கிராஃபிக்ஸ் கார்டு பூட்டி விஎம்முக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை அது. பெரிய செலவு; சர்வர் போட்டவரைக் கூப்பிடுங்கள். இரண்டே பேர்தான் டிராயிங் பார்க்கிறார்கள் என்றால், அவர்களுக்கு மட்டும் நிஜ கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

அறிகுறி 4: நேற்று வரை ஓடிய மென்பொருள் இன்று "வேறு கம்ப்யூட்டர், லைசென்ஸ் செல்லாது" என்கிறது

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை ஒன்றில் சீசன் தொடங்கும் வாரத்தில் இது நடந்தது. லோடு லோடாக மாங்காய் வந்து நிற்கிறது, எடைச் சீட்டு போட முடியவில்லை. "சார், ஒண்ணுமே மாத்தல சார்" என்றார் கணக்காளர். அவர் எதையும் மாற்றவில்லைதான். முந்தைய நாள் இரவு சர்வர் பார்ப்பவர் விஎம்மைப் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். கணக்காளருக்குத் தன் மென்பொருள் விஎம்மில் ஓடுவதே தெரியாது.

முதலில் மூன்று இடச் சோதனை. விஎம் என்று தெரிந்தால், அதை யாராவது நகர்த்தினார்களா என்று கேளுங்கள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் நகர்த்திய விஎம்மை முதல்முறை திறக்கும்போது "நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா" என்று கேட்கும். நகலெடுத்தேன் என்று சொன்னால் அது விஎம்முக்குப் புதிய யுயுஐடி (விஎம்மின் அடையாள எண்), புதிய மேக் முகவரி கொடுத்துவிடும். பழைய முகவரியை நம்பியிருக்கும் லைசென்ஸ் உடனே உடையும். இடம் மாற்றம் மட்டும் என்றால் "ஐ மூவ்டு இட்" என்பதே சரியான பதில்.

தவறான பதில் கொடுத்துவிட்டீர்களா? பழைய பெட்டியில் மூலப் பிரதி இருந்தால் அதிலிருந்து இன்னொரு முறை நகர்த்தி, இம்முறை சரியாகப் பதில் சொல்லுங்கள். அங்கே அன்று அப்படித்தான் தீர்ந்தது. மூலப் பிரதியை அழித்துவிட்டிருந்தால் மென்பொருள் விற்றவரைத்தான் கூப்பிட வேண்டும். இரண்டு பிரதிகளையும் ஒரே நெட்வொர்க்கில் ஒன்றாக ஆன் செய்துவிடாதீர்கள். ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டுமே தடுமாறும்.

விஎம் இல்லை, நிஜ இயந்திரம்தான் என்றால் காரணம் வேறு. மதர்போர்டு மாற்றினீர்களா, யுஎஸ்பி வைஃபை செருகினீர்களா என்று பாருங்கள்.

அறிகுறி 5: விர்ச்சுவல்பாக்ஸில் 64 பிட் விருப்பமே வரவில்லை, அல்லது விடி-எக்ஸ் இல்லை என்கிறது

இது தலைகீழ்க் கேள்வி. முதல் அறிகுறியில் அணைத்த அதே பயாஸ் சுவிட்ச் (இன்டெல்லில் அதற்கு விடி-எக்ஸ் என்றும் பெயர்) இங்கே ஆன் ஆக வேண்டும். டாஸ்க் மேனேஜரில் "விர்ச்சுவலைசேஷன்: டிஸேபிள்ட்" என்றால் பயாஸுக்குப் போங்கள். "எனேபிள்ட்" என்று இருந்தும் விஎம் ஆமை மாதிரி நகர்ந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். பச்சை நிறத்தில் ஓர் ஆமைப் படம் நின்றால் ஹைப்பர்-வி அடியில் ஓடுகிறது, அதன் தோளில் ஏறித்தான் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடுகிறது. விண்டோஸ் வசதிகள், மெமரி இன்டெக்ரிட்டி இரண்டையும் முன்பு சொன்னபடி சரிபாருங்கள்.

டாஸ்க் மேனேஜரில் "விர்ச்சுவல் மெஷின்: யெஸ்" என்று வந்தால் நீங்களே ஒரு விஎம்முக்குள் இருந்துகொண்டு இன்னொன்றை ஓட்டப் பார்க்கிறீர்கள். சில கல்லூரி லேப்களில் மாணவருக்குக் கிடைப்பதே விஎம்தான். உள்ளிருந்து எதுவும் செய்ய முடியாது. லேப் பொறுப்பாளர் வெளியிலிருந்து அனுமதி கொடுத்தால்தான் உண்டு.

அறிகுறி 6: "டெடிகேட்டட்" (தனி இயந்திரம்) என்று வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர் இழுத்து இழுத்து ஓடுகிறது

முனையத்தில் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கட்டளை போதும். ஹைஃபன்களை அப்படியே போடுங்கள். "நன்" என்று வந்தால் நிஜ இயந்திரம். "கேவிஎம்", "விஎம்வேர்", "ஆரக்கிள்", "மைக்ரோசாஃப்ட்", "ஸென்" என்று வந்தால் விஎம். ஆரக்கிள் என்பது விர்ச்சுவல்பாக்ஸைக் குறிக்கும், குழம்ப வேண்டாம்.

ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கட்டளை ஆக உள்ளே இருக்கும் அடுக்கை மட்டுமே சொல்லும். விஎம்முக்குள் டாக்கர், அதற்குள் நீங்கள் என்றால் "டாக்கர்" என்று மட்டும் வரும். பின்னால் --விஎம் சேர்த்து ஓட்டினால் கண்டெய்னரைத் தள்ளிவிட்டு அடியில் விஎம் இருக்கிறதா என்று சொல்லும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்எஸ்சிபியு ஓட்டினால் விஎம்மில் "ஹைப்பர்வைசர் வெண்டர்" என்ற வரி வரும். எல்எஸ்பிஎல்கே ஓட்டிப் பாருங்கள்: டிஸ்க் விடிஏ என்றால் கேவிஎம் வகை, எக்ஸ்விடிஏ என்றால் ஸென் வகை. எஸ்டிஏ, என்விஎம்ஈ என்று வந்தால் மட்டும் நிஜம் என்று நம்பிவிடாதீர்கள், பெரிய கிளவுடுகளில் விஎம்முக்கும் என்விஎம்ஈ என்றே காட்டும். ரூட் (நிர்வாகி) அனுமதி இருந்தால் டிஎம்ஐடிகோட் -எஸ் சிஸ்டம்-ப்ராடக்ட்-நேம் ஓட்டுங்கள். "ஸ்டாண்டர்ட் பிசி", "கூகுள் கம்ப்யூட் எஞ்சின்", "டிராப்லெட்" என்று வந்தால் விஎம்.

விஎம் என்று தெரிந்த பிறகு டாப் கட்டளையில் மேலே சிபியு வரியின் கடைசியில் "எஸ்டி" என்ற எண்ணைப் பாருங்கள். உங்களுக்கு வர வேண்டிய ப்ராசஸர் நேரத்தைப் பக்கத்து விஎம்கள் எடுத்துக்கொள்ளும் அளவு அது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இழுவைக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் மென்பொருளாக இருக்கும். பகல் முழுக்க இரட்டை இலக்கத்தில் நின்றால் நீங்கள் எந்தக் கட்டளை ஓட்டியும் பயனில்லை. நேரத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வாடகைக்குக் கொடுத்தவருக்கு அனுப்புங்கள். தனி இயந்திரம் என்று பில் போட்டுக் காசு வாங்கியிருந்தால், டிடெக்ட்-விர்ட் விடையையும் சேர்த்தே அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.

அறிகுறி 7: ஆப்பிள் மேக்கில் விண்டோஸ் போட்டேன், தேர்வு திறக்கவில்லை

எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில் பூட்கேம்ப் (விண்டோஸை நேரடியாகப் போடும் வசதி) கிடையாது. அங்கே பேரலல்ஸ் மாதிரியானவற்றில் ஓடும் விண்டோஸ் எப்போதுமே விஎம்தான், சிஸ்டம் மாடல் வரியிலும் அப்படியே எழுதியிருக்கும். தேர்வு மென்பொருள் சொல்வது சரி. அணைக்க எந்த சுவிட்சும் இல்லை. அதே தேர்வுக்கு மேக் பதிப்பு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் அன்று ஒரு நாளுக்கு நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பைக் கேளுங்கள்.

மேக்ஓஎஸ் தானே விஎம்மில் ஓடுகிறதா என்று பார்க்க, டெர்மினலில் சிஸ்சிடிஎல் கெர்ன்.ஹெச்வி_விஎம்எம்_பிரெசன்ட் என்று அடியுங்கள். 0 என்றால் நிஜ மேக், 1 என்றால் விஎம்.

அறிகுறி 8: கடிகாரம் பின்தங்குகிறது, ஓடிபி செயலி காட்டும் எண்ணை ஏற்க மாட்டேன் என்கிறது

நிஜ இயந்திரத்தில் இது பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சின்ன வட்ட பேட்டரி, சிஆர்2032. சில பத்து ரூபாய்களில் தீரும். மூன்று இடச் சோதனை விஎம் என்று காட்டினால் பேட்டரி வாங்காதீர்கள். வெளியே உள்ள லேப்டாப்பை மூடி வைத்துத் திறந்திருப்பீர்கள், அல்லது விஎம்மை சேவ் செய்து மறுநாள் எழுப்பியிருப்பீர்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் தூங்கிய நேரத்தைத் தவறவிட்டிருக்கும். முதலில் வெளி இயந்திரத்தின் நேரம் சரியா என்று பாருங்கள். பிறகு கெஸ்ட் அடிஷன்ஸ் அல்லது டூல்ஸ் போட்டு, விஎம்முக்குள் டேட் அண்ட் டைம் பக்கத்தில் "சிங்க் நவ்" கொடுங்கள். வெளி இயந்திரத்தின் கடிகாரமே ஆன் ஆகும்போதெல்லாம் பழைய தேதிக்குப் போனால், அப்போது அந்த லேப்டாப்பையோ சிபியு-வையோ கடைக்கு எடுத்து வாருங்கள்.